கடனும் ஓய்வூதியமும்: ஊழியரைத் தக்கவைத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய ஊழியரைத் திரட்டிக்கொள்வது ஒரு பிரச்சினை. திரட்டியவர்களை நீங்காது நிற்கச் செய்வது அதனினும் பெரிய பிரச்சினை. ஆட்களைத் திரட்டிப் பிற நிறுவனங்களுக்கு வழங்குவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இன்று உலகெங்கும் பெருகியுள்ளன. ‘ஊழியர் ஈடுபாடு’, ‘ஊழியரைத் தக்கவைத்தல்’ என்னும் தொடர்கள் முகாமைத்துவ நூல்களில் இடையறாது வழங்குகின்றன. தொடர்கள் புதியனவே, பிரச்சினை புதியதன்று. ஆட்களைத் திரட்டிக் கொடுக்கும் இடைத்தரகு அமைப்பொன்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழரிடையே இயங்கி வந்துள்ளது. கங்காணி முறை என்பதே அதன் பெயர்.

அதே காலப்பகுதியில், அதே பிரித்தானிய ஆட்சியின்கீழ், வேறொரு வகைத் தமிழ் ஊழியரும் கடல் கடந்து சென்றனர். வடமராட்சியிலே கரவெட்டி போன்ற ஊர்களில் ‘மலாயன் பென்சனியர்’ என்னும் தொடரைக் கேள்வியுறாத முதியோர் அரியர். ஆங்கிலம் கற்று, மலாயாவிலே லிகிதராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் பணியாற்றி, ஓய்வூதியத்துடன் ஊர் மீண்டவர்களை அத்தொடர் சுட்டும். ஒரு சாராரைக் கடன் நிறுத்தியது. மற்றொரு சாராரை ஓய்வூதியம் நிறுத்தியது. இவ்விரு முறைகளையும் ஒப்புநோக்கி, மனிதரைப் பணியில் நிலைக்கச் செய்வது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பியும் தேயிலையும்

இலங்கையின் மலைநாட்டிலே கோப்பிச் செய்கை 1830களின் பின் விரைந்து பரவிற்று. சிங்களக் கிராமத்தவர் தம் வயலையும் புலத்தையும் விட்டுத் தோட்டக் கூலிகளாக வர விரும்பவில்லை. ஆகவே தோட்டத்துரைமார் தமிழகத்தின் தென் மாவட்டங்களை நாடினர். பஞ்சமும் நிலமின்மையும் சாதிக் கொடுமையும் அங்குள்ள மக்களை வெளியே தள்ளின. கோப்பி பருவகாலப் பயிராதலின் பழம் பறிக்கும் காலத்தில் வந்து, பின்னர் ஊர் திரும்புவதே அக்காலத்து வழக்காக இருந்தது. மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவருள் பலர் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர்.

1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் பயிரின் மாற்றம் மாத்திரமன்று, தொழிலுறவின் மாற்றமுமாகும். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. குறித்த இடைவெளியில் அது பறிக்கப்படாவிடின் முற்றிப் பயனற்றதாகும். எனவே தோட்டத்திற்கு வந்துபோகும் கூலிகள் போதவில்லை. குடும்பத்துடன் தங்கி நிற்கும் தொழிலாளர் வேண்டியவராயினர். தொழிலாளரைத் தக்கவைத்தல் என்னும் பிரச்சினை தேயிலையோடு கூர்மையடைந்தது எனலாம்.

கங்காணியும் அவன் பெற்ற ஊதியமும்

கண்காணிப்பவன் என்னும் பொருளுடைய ‘கண்காணி’ என்ற சொல்லே ‘கங்காணி’ என வழங்கலாயிற்று. ஆனால் தோட்டத்திலே அவன் பணி கண்காணிப்பதோடு அமையவில்லை. தோட்டத்திடம் முற்பணம் பெற்று ஊருக்குச் செல்பவன் அவனே. உறவினரையும் அயலவரையும் திரட்டுபவன் அவனே. அவர்தம் பழங்கடனைத் தீர்த்து, வழிச்செலவு கொடுத்து, அழைத்து வருபவனும் அவனே. பெரிய கங்காணியின்கீழ்ச் சில்லறைக் கங்காணிகள் பலர் இருந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் உறவுக் குழுவுக்குப் பொறுப்பாயினர்.

இவர்களின் ஊதியம் கணிக்கப்பட்ட விதம் ஊன்றி நோக்கற்பாலது. காலையிலே பிரட்டுக்களத்தில் தொழிலாளர் கூடுவர். வேலைக்கு வந்தவருக்குச் செக்ரோலிலே ‘பேர்’ விழும். விழுந்த ஒவ்வொரு பேருக்கும் இத்தனை சதம் எனக் கங்காணிக்குத் ‘தலைக்காசு’ வழங்கப்பட்டது. ஆகவே தன் குழுவிலுள்ள ஒருவர் நோயுற்றுப் படுத்தாலும், பேறுகாலத்தில் ஓய்ந்தாலும், அன்றைய நட்டம் கங்காணிக்குமாயிற்று. தொழிலாளரை நாள்தோறும் களத்துக்குக் கொணர்வதிலே அவன் காட்டிய அக்கறையும் கொடுமையும் இவ்வேற்பாட்டிலிருந்தே பிறந்தன. இன்றைய ஆட்சேர்ப்பு நிறுவனமும் தான் அனுப்பிய ஆள் பணியில் நிற்கும் நாட்களுக்கே கட்டணம் பெறுவது உண்டு. அமைப்பு வேறாயினும் தத்துவம் ஒன்றே.

துண்டு முறை

தொழிலாளரைத் தோட்டத்தில் நிறுத்திய முதற் கருவி கடனாகும். ஊரிலே பெற்ற முற்பணமும், வழிச்செலவும், தோட்டம் வழங்கிய அரிசியின் விலையும், கம்பளியின் விலையும் அவர் பெயரில் எழுதப்பட்டன. கோப்பிக் காலத்தில் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையாக நிறுத்தப்பட்டது. நிலுவையை விட்டுச் செல்ல எவரும் துணியார் என்பதே அதற்குரிய கணக்கு. ஒரு பக்கம் தொழிலாளி தோட்டத்துக்குக் கடன்பட்டவர். மறு பக்கம் தோட்டம் தொழிலாளிக்குச் சம்பளப் பாக்கி வைத்திருந்தது. இரண்டும் ஒரே நோக்கத்துக்கே உதவின.

இவ்வமைப்பின் உச்சமே ‘துண்டு’ முறை. இன்ன கங்காணியின்கீழுள்ள இத்தனை பேரையும், அவர்கள் பட்ட கடனாகிய இத்தனை ரூபாவைப் பெற்றுக்கொண்டு விடுவிக்கச் சம்மதம் எனத் தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் தாளே துண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது மலைநாடெங்கும் பரவிற்று. இதன் இயக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நாற்பது பேர் கொண்ட குழுவொன்றின் கடன் 2,000 ரூபா எனக் கொள்வோம். பெரிய கங்காணி அத்தொகைக்குத் துண்டைப் பெற்று, ஆட்பஞ்சத்தால் வருந்தும் வேறொரு தோட்டத்துரையிடம் செல்வான். அத்துரை 2,500 ரூபா கொடுக்க முன்வருவார். பழைய தோட்டத்தின் 2,000 தீர்க்கப்படும். எஞ்சிய 500 கங்காணியின் கைக்கு வரும். ஆனால் குழுவின் பெயரில் இப்போது எழுதப்படும் கடன் 2,500. குழு ஓரங்குலமேனும் முன்னேறவில்லை. அதன் விலை மாத்திரம் ஏறிற்று.

இதில் அமைந்த முரண் கவனிக்கத்தக்கது. தொழிலாளரை ஒரே தோட்டத்தில் நிறுத்துவதற்காக எழுந்த கடன், அவர்களைத் தோட்டந்தோட்டமாகப் பெயர்க்கும் கருவியாயிற்று. கங்காணிக்கு இலாபம் கிடைத்தது பெயர்ச்சியிலேயே. ஒரு துரை முற்பணத்தை உயர்த்தினால் அயல் துரையும் உயர்த்த வேண்டியிருந்தது. உயர்த்தாவிடின் அவர் பிரட்டுக்களம் வெறுமையாகும். 1854இல் தோன்றிய தோட்டத்துரைமார் சங்கம் தன் உறுப்பினரைக் கட்டுப்படுத்தப் பலகால் முயன்றும் போட்டி ஓயவில்லை. கட்டிவைத்தலும் தக்கவைத்தலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சட்டமும் சிறையும்

கடன் தளர்ந்த இடத்தில் சட்டம் இறுக்கிற்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையைவிட்டு நீங்குதல் தண்டனைக்குரிய குற்றமாகும். ஓடிப்போன தொழிலாளி மீது பிடியாணை பிறந்தது, சிறையும் காத்திருந்தது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் சம்பளத்தை இரு மாதங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என விதித்தது. அத்தகைய விதியொன்று தேவைப்பட்டமையே அதற்கு முந்திய நிலையை உணர்த்தப் போதுமானது.

ஆட்சேர்ப்பையும் ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. 1901இல் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் அடையாள எண் பொறித்த தகர வில்லையைத் தாங்கி வந்த தொழிலாளரின் பயணச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழில் ஆணையகம் நிறுவப்பட்டது. ஊர்தோறும் ஆட்சேர்ப்பை ஊக்குவித்தலும், கங்காணிமார்க்கு முற்பணம் வழங்குதலும், பயணத்தை ஒழுங்குசெய்தலும் அதன் பணிகளாயின. மண்டபம் முகாமிலே நோய்த்தடுப்புக் காவல் நடைபெற்றது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவையும் அதனோடிணைந்த புகையிரதப் பாதையும் அமைந்தபின் வருகை எளிதாயிற்று. ஆயினும் வந்தவர் நிற்பாரா என்னும் வினாவுக்கு இவற்றால் விடை கிடைக்கவில்லை.

மலாயா உத்தியோகம்

இனி, மறு சாராரை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிறித்தவ மிஷனரிமார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆங்கிலக் கல்வியைப் பரப்பினர். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி அதன் முகடாகும். வடமராட்சியிலே பருத்தித்துறையில் வெசிலியன் மிஷனும், உடுப்பிட்டியில் அமெரிக்கன் மிஷனும் பாடசாலைகளை நடத்தின. கரவெட்டியும் அயலூர்களும் இப்பாடசாலைகளுக்கு எட்டும் தூரத்தில் அமைந்தவை. படித்தவர் தொகைக்கேற்ற உத்தியோகங்கள் இலங்கையில் இல்லை. அவ்வேளையில் மலாயா அழைத்தது.

1874இல் பேராக்கின் முதலாவது பிரித்தானிய வதிவாளராக நியமனம் பெற்ற பேர்ச் முன்னர் இலங்கையிற் பணியாற்றியவர். 1885இல் தைப்பிங் நகரிலிருந்து வெல்ட் துறைக்கு மலாயாவின் முதற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. புகையிரதப் பகுதி, பொதுவேலைப் பகுதி, நில அளவைப் பகுதி, திறைசேரி, மருத்துவமனை ஆகியவற்றுக்கு ஆங்கிலம் அறிந்த கீழ்நிலை உத்தியோகத்தர் பெருந்தொகையாக வேண்டியவராயினர். ஒருவர் சென்றார், தம்பியை அழைத்தார், மைத்துனரை அழைத்தார். இங்கும் ஆட்சேர்ப்பு உறவின் வழியே நடைபெற்றமை குறிப்பிடத்தக்கது. ஆயின் அழைத்தவருக்குத் தலைக்காசு இல்லை. அழைக்கப்பட்டவருக்குக் கடன் பேரேடு இல்லை.

இவ்வுத்தியோகத்தரை நிலைநிறுத்தியது ஓய்வூதியமாகும். மாதச் சம்பளமும், தங்குமனையும், ஊர் சென்றுவரும் விடுமுறையும் சேர்ந்து வந்தன. இடையில் விலகுவோர் ஓய்வூதிய உரித்தை இழப்பர். நீண்ட சேவையை நிறைவு செய்வோர் இறுதிவரை அதனைப் பெறுவர். கடன் பின்னால் நின்று பிடித்திழுப்பது. ஓய்வூதியம் முன்னால் நின்று அழைப்பது. கடன் கடந்த காலத்துக்குத் தொழிலாளியைப் பொறுப்பாளியாக்கிற்று. ஓய்வூதியம் எதிர்காலத்துக்கு அரசினைப் பொறுப்பாளியாக்கிற்று. இவ்வேறுபாடே இரு முறைகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடாகும்.

எனினும் மலாயா உத்தியோகத்தைப் பொற்காலமாகப் புனைந்துரைப்பதும் பொருந்தாது. 1904ஆம் ஆண்டு முதல் மலாயாவின் குடியியற் சேவையில் ஐரோப்பிய மரபினரே சேரலாம் என்னும் விதி நின்றது. எத்துணைத் திறமையுடையவராயினும் யாழ்ப்பாணத்து லிகிதர் லிகிதராகவே இளைப்பாற வேண்டியிருந்தது. உயரும் வழி அடைபட்ட இடத்தில் உழைப்பு தங்கலாம்; உள்ளம் தங்காது. காசுக்கட்டளை வழியாகப் பணம் ஊருக்கு வந்தது; கோயிலும், பள்ளியும், கல்வீடும் எழுந்தன. சீதனச் சந்தையிலே மலாயா மாப்பிள்ளையின் மதிப்பு உயர்ந்தது. பணி அங்கே, பற்று இங்கே என்பதே அவர்தம் வாழ்வாயிற்று. இன்றைய முகாமைத்துவ மொழியிற் கூறுவதாயின், தக்கவைத்தல் இருந்தது. ஈடுபாடு முழுமையாக இருக்கவில்லை.

இவ்வேணியும் ஊரார் எல்லோர்க்கும் உரியதாக இருக்கவில்லை. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோருக்குப் பாடசாலைக் கதவே அடைபட்டிருந்தது. வடமராட்சியிலே சூரன் அவர்கள் தேவரையாளியில் அம்மக்களுக்காகப் பாடசாலை நிறுவியமை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே. அதற்குள் மலாயாவுக்குச் சென்றோர் பல குடும்பங்களில் இரண்டாந் தலைமுறையைக் கண்டுவிட்டனர்.

பேரேட்டின் இரு பக்கங்கள்

இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் அறியாதவர் அல்லர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டினர். அத்தோட்டங்களின் அலுவலகத்திலே ‘கிராணி’ என்னும் பெயரில் கணக்கெழுதியோருள் யாழ்ப்பாணத்தவரும் இருந்தனர். ஒரே தோட்டத்தில், ஒரே மொழியைப் பேசிய இருவருள் ஒருவர் பேரேட்டை எழுதினார்; மற்றவர் பேரேட்டில் எழுதப்பட்டார். எழுதியவருக்கு ஒரு மாத அறிவித்தலுடன் விலகும் உரிமை ஐயத்துக்கு இடமற்றது. எழுதப்பட்டவர் விலகினால் அது ‘ஓட்டம்’ எனப்பட்டது. ஒரே செயலுக்கு இரு பெயர்கள் வழங்கியமை, பணியாளரின் இயல்பைக் காட்டவில்லை. அவர்க்கு அளிக்கப்பட்ட மதிப்பையே காட்டிற்று. யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றை எழுதுவோர் மலாயாப் பணத்தைப் பற்றி விரித்துரைப்பர். அப்பணத்தின் அருகே நின்ற இக்கடன் பேரேட்டையும் அவர்கள் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

துண்டு ஒழிந்தபின்

இந்தியத் தேசிய இயக்கத்தின் எதிர்ப்பும், சீர்திருத்தவாதிகளின் முயற்சியும், துரைமாரே முற்பணச் சுமையால் சலிப்புற்றமையும் சேர்ந்து, 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. வேலையைவிட்டு நீங்கிய தொழிலாளிக்குச் சிறை என்னும் விதியும் அகன்றது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தைத் தொடர்ந்து ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளர் தலையில் சுமத்துவது தடுக்கப்பட்டது; அச்செலவுக்கெனப் பொது நிதியம் அமைந்தது. இந்திய அரசின் முகவர் ஒருவரும் இலங்கையில் நியமிக்கப்பட்டார். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் பயனாக, 1929இல் உயர் மலைப்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்சம்பளமாக நிர்ணயிக்கப்பட்டன. கொழுந்து பறிக்கும் பெருந்தொகையினர் பெண்களாயிருக்க, அவர்க்கே குறைந்த கூலி விதிக்கப்பட்டமை அச்சீர்திருத்தத்தின் எல்லையைக் காட்டும்.

கடனும் சிறையும் இல்லையெனில் தொழிலாளர் கலைந்துவிடுவர் என்பது பழைய முறையைக் காத்தோரின் வாதம். நிகழ்ந்தது வேறு. 1920களின் பிற்பகுதி தேயிலைக்கு வளமான காலமாக அமைந்தது. தொழிலாளர் தொகை குறையவில்லை, பெருகிற்று. தடையின்றி நீங்கலாம் என்ற நிலையிலேயே குடும்பங்கள் லயங்களிலே வேரூன்றின. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் பல்லாயிரவரைத் திருப்பியனுப்பியது உண்மையே; ஆனால் அவர்களை அனுப்பியது தோட்டம், ஓடியது தொழிலாளர் அல்லர். மந்தக் காலத்தில் மலாயா உத்தியோகத்தரும் ஆட்குறைப்பைச் சந்தித்தனர். யாழ்ப்பாணத்து இளைஞர்க்கு அந்நாட்டின் கதவு பின்னர் முன்போல் திறக்கவேயில்லை. 1938இல் மலாயாவுக்கும் 1939இல் இலங்கைக்கும் உடலுழைப்புத் தொழிலாளர் செல்வதை இந்தியா தடைசெய்ததுடன் கங்காணி முறையின் ஆட்சேர்ப்புப் பணி முடிவுற்றது.

இடைத்தரகர் விட்ட இடத்தைத் தொழிற்சங்கம் நிரப்பிற்று. 1931இல் நடேசையர் அமைத்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனமும், 1939இல் தோன்றிய இலங்கை இந்தியன் காங்கிரசும் துரையோடு நேரே பேசின. அந்நேரடிப் பேச்சைக் கங்காணியும் துரையும் ஒருங்கே வெறுத்தமைக்குக் காரணம் உண்டு. தொழிலாளி தன் குரலில் பேசத் தொடங்கின், அவர் சார்பில் பேசுவோனின் தலைக்காசுக்கு நியாயம் இல்லாது போகும்.

நின்றவரும் நிராகரிக்கப்பட்டவரும்

வரலாற்றின் பெருங் கொடுமை இதன் பின்னரே நிகழ்ந்தது. நிற்க வேண்டும், நிற்க வேண்டும் என ஒரு நூற்றாண்டாகக் கட்டிவைக்கப்பட்டவர்கள், மூன்று தலைமுறையாக நின்றபின், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல் மற்றோர் ஒப்பந்தத்தாற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. அம்மக்களிடம் விருப்பம் கேட்கப்படவில்லை. துண்டிலே எழுதப்பட்டது போலவே ஒப்பந்தத்திலும் அவர்கள் தொகையாகவே எழுதப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை நாடற்றோர் பிரச்சினை நீடித்தது.

2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அவ்வெல்லையை அடைய ஆண்டுகள் பல போராட வேண்டியிருந்தது. இன்று தோட்டங்களிலே பிறந்த இளந்தலைமுறையினர் கொழும்பின் கடைகளையும் ஆடைத் தொழிற்சாலைகளையும் நாடுகின்றனர். ஆட்கள் நிற்பதில்லை எனத் தோட்டக் கொம்பனிகள் முறையிடுகின்றன. அம்முறையீடு பழைய துரைமாரின் கடிதங்களில் ஒலித்த அதே முறையீடாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றை நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, கடனாலும் தண்டனையாலும் ஊழியரை நிறுத்த முனைந்த முறை, அவர்களை நிறுத்தவில்லை. அவர்தம் பெயர்ச்சியை வாணிகமாக்கிற்று. இரண்டாவது, ஊழியருக்கும் நிறுவனத்துக்கும் இடையே நிற்பவனின் இலாபம் எதிலிருந்து பிறக்கின்றதோ, அதுவே பெருகும். பெயர்ச்சியில் இலாபமெனின் பெயர்ச்சி பெருகும். மூன்றாவது, ஓய்வூதியம் போன்ற எதிர்கால உறுதி ஊழியரை நிலைக்கச் செய்யும். ஆயினும் உயரும் வழியும் மதிப்பும் இல்லாதவிடத்து அது உடலை மாத்திரமே நிறுத்தும்.

கரவெட்டியில் மலாயாப் பணத்தால் எழுந்த கல்வீடுகளும், மலைநாட்டில் தகரக் கூரையிட்ட லயங்களும் ஒரே பொருளாதாரத்தின் இரு விளைவுகள். இரண்டிலும் வாழ்ந்தோர் உழைத்தனர். இரண்டிலும் வாழ்ந்தோர் நிலைத்தனர். ஒருவருக்கு நீங்கும் உரிமை இருந்தது. மற்றவருக்கு அது இல்லை. நீங்கும் உரிமையுடையார் நிற்பதே நிலைத்தல் எனப்படும். ஏனையது சிறையிருத்தலாகும். ஆட்களைத் திரட்டும் நிறுவனங்கள் கடல்கடந்து தமிழிளைஞரை இன்றும் அழைக்கின்றன. தரகுக் கூலிக்குக் கடன்பட்டுச் செல்லும் ஒவ்வொருவரின் பயணப் பையிலும் பழைய துண்டின் சாயல் ஒன்று மடித்து வைக்கப்பட்டுள்ளது. அதனை இனங்கண்டு கொள்வதற்கு இவ்வரலாற்றறிவு இன்றியமையாததாகும்.